படிக்க மட்டும்

61ஆம் நாள், காலை 06:10
பதிபவர்: ஜெசிந்தா மரியரத்தினம், பனியியல் ஆய்வாளர். இடம்: நிலவின் மறுபக்கம், அகழி நிலையம். நிலையத்தில் இருப்பவர்: நான் மட்டும்.

வெளி வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 171. நிலவின் இரவு தொடங்கி மூன்று நாள் ஆகிறது, விடிய இன்னும் பதினொரு நாள். நேற்று பள்ளத்திலிருந்து உருளையாகத் தோண்டியெடுத்த பனித்தண்டில் இரண்டு துண்டு உடைந்தது, மீதி நன்றாக இருக்கிறது. பொறியாளர் அருள்வாசகம் சிறுநீரகக் கல்லோடு பூமிக்குப் போனதிலிருந்து அவர் வேலையையும் நானே பார்க்கிறேன். மாற்று ஆள் அடுத்த கலத்தில் வருவார்.

ஒரு சின்னக் கோளாறு. காற்றுச் சுத்திகரிப்பு நிரல் தன் பதிவுக்கோப்பில் எழுத முடியாமல் நிற்கிறது. திரையில் ஒரே வரி: அனுமதி மறுக்கப்பட்டது. சுத்திகரிப்பு விசிறி ஓடுகிறது, காற்று நன்றாக இருக்கிறது. மதியம் பார்த்துக்கொள்ளலாம்.

61ஆம் நாள், மதியம் 14:40
கோளாறு புரிந்துவிட்டது. பின்னால் வருகிறவருக்காக விளக்கமாக எழுதுகிறேன்.

இங்கே கணினி எங்களுக்கென்று தனியாக இல்லை. ஒன்பது கிலோமீட்டருக்கு அப்பால், மண்ணுக்கடியில் ஒரு குழியில் ஒரே சர்வர் இருக்கிறது. மின்கலங்களும் அங்கேதான். எங்கள் நிலையம், குழிக்குப் பக்கத்திலேயே இருக்கும் பசுமைக் குடில் என்ற பயிர் ஆய்வகம், ஒரு தொலைநோக்கிக் குழு, இன்னும் இரண்டு வாடகைக்காரர்கள், எல்லாருக்கும் அதில் ஆளுக்கொரு ஃபோல்டர். இங்கே ஆள் தங்கியிருப்பது எங்கள் நிலையத்திலும் பசுமைக் குடிலிலும் மட்டும்தான், மற்றவர்கள் பூமியிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். ஒண்டுக்குடித்தனம் மாதிரி. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. உரிமையாளர் என்ன செய்யலாம், அவர் குழு என்ன செய்யலாம், மற்ற குடித்தனக்காரர்கள் என்ன செய்யலாம் என்று மூன்று எண்கள். ஏழு போட்டால் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம். சுழியம் போட்டால் ஒன்றும் முடியாது.

அருள்வாசகம் காற்றுச் சுத்திகரிப்பு முழுவதையும் தன் சொந்தப் பெயரில் நிறுவியிருக்கிறார். அவர் ஊருக்குப் போனதும் தரையில் அவர் கணக்கை நீக்கிவிட்டார்கள். கோப்புகள் அப்படியே இருக்கின்றன, ஆனால் உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்தான் இருக்கிறது: 1014. அந்த எண்ணுக்கு ஆள் கிடையாது. என்னால் படிக்க முடிகிறது. எழுதவோ அனுமதியை மாற்றவோ முடியவில்லை. அந்த உரிமை உரிமையாளருக்கும் தரையிலுள்ள நிர்வாகிக்கும்தான்.

துணைக்கோள் தலைக்கு மேல் வரும்போது மட்டும்தான் பூமியோடு பேச்சு, நாளுக்கு இரண்டு சுற்று. என் குரலும் ஒரு கோப்பாக 'அனுப்பு' ஃபோல்டரில் விழுந்து, அங்கிருந்துதான் கிளம்பும். மதியச் சுற்றில் சர்வர் பராமரிப்பில் இருக்கும் பிரமநாயகம் கிடைத்தார். திருநெல்வேலிப் பையன், நிதானமாகப் பேசுவார்.

"பாத்துட்டேன் மேடம். அருள்வாசகம் சார் கணக்கை எடுத்துட்டாங்கல்லா, அதான். முறைப்படி உங்க பேருக்கு மாத்தணும்னா மேலிடத்துல கையெழுத்து வேணும், ரெண்டு மூணு நாளாவும். இப்போதைக்கு அந்த ஃபோல்டரை ஏழு ஏழு ஏழுன்னு தெறந்து விட்டுருதேன். யாரும் எழுதலாம். வேல நடக்கும்."

சரி தம்பி, செய்யுங்க என்றேன். ஐந்து நிமிடத்தில் பதிவுக்கோப்பு ஓடத் தொடங்கிவிட்டது.

62ஆம் நாள், மாலை 18:05
காலையிலிருந்து தலை லேசாகக் கனக்கிறது. தூக்கம் போதவில்லை என்று நினைத்தேன். காற்றளவைப் பார்த்தபோது கரியமில வாயு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு.

காற்றுச் சுத்திகரிப்பின் அமைவுக் கோப்பைத் திறந்தேன். குழியிலிருந்து என் நிலையத்துக்கு வரும் மின்பங்கு அறுபது என்று இருக்க வேண்டும். முப்பத்தெட்டு என்று இருக்கிறது. நான் மாற்றவில்லை. அறுபது என்று திருத்தினேன். விசிறி வேகமெடுத்தது.

62ஆம் நாள், 19:25
மறுபடியும் முப்பத்தெட்டு.

திருத்தினேன். திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அரை மணி கழித்து, என் கண் முன்னால், அறுபது போய் முப்பத்தைந்து வந்தது. விசிறிச் சத்தம் இறங்கியது.  இந்த அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை என்று தெரிந்தும் எழுந்து போய்க் குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தேன்.

63ஆம் நாள், 05:30
விடிய விடிய எண்ணைத் திருத்திக்கொண்டே இருந்தேன். நான் ஏற்றுகிறேன், அது இறக்குகிறது. ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் கொஞ்சம் கீழே. இப்போது இருபத்தாறு.

புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன் என்று நினைத்தேன். பழைய கோப்பை அழித்துவிட்டு, அதே பெயரில் புதிதாக எழுதினேன். அது என் கோப்பு, நான்தான் உரிமையாளர். மற்றவர் எழுத முடியாதபடி பூட்டினேன். அரை மணியில் என் கோப்பையே காணோம். அந்த இடத்தில் வேறு கோப்பு. கோப்பைத்தான் பூட்ட முடிந்தது. அது இருக்கும் ஃபோல்டர் ஏழு ஏழு ஏழு என்று வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து என் கோப்பை எடுத்தெறிந்துவிட்டுத் தன் கோப்பை வைக்கலாம். ஃபோல்டரைப் பூட்ட எனக்கு உரிமை இல்லை. அது ஆளில்லாத அந்த 1014ஐச் சேர்ந்தது.

ஆனால் இதில் ஒரு லாபம். புதிதாக வைத்த கோப்பில் வைத்தவர் பெயர் இருக்கும் அல்லவா. பார்த்தேன்.

உரிமையாளர்: பசுமைக் குடில்.

63ஆம் நாள், 07:15
பசுமைக் குடிலில் மூன்று பேர். தலைவி குணவதி, பொள்ளாச்சிக்காரர். போன மாதம் பகலில் வண்டி எடுத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். தக்காளி பறித்துக் கையில் கொடுத்து, சாப்பிடும்வரை பக்கத்திலேயே நின்றார். மற்ற இருவரும் இளைஞர்கள், அதிகம் பேசமாட்டார்கள்.

அவர்கள் மின்சிக்கனத்துக்கு ஒரு நிரல் ஓட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். சர்வரில் எங்கெல்லாம் எழுத அனுமதி கிடைக்கிறதோ அங்கெல்லாம் போய் வீண் செலவைக் குறைக்கும் நிரல். நேற்று முன்தினம் வரை என் ஃபோல்டர் அதற்கு மூடியிருந்தது. நாங்கள் திறந்துவிட்டோம், வந்துவிட்டது. இங்கே மனுஷி மூச்சுவிடுகிறாள் என்று நிரலுக்கு என்ன தெரியும். குணவதியிடம் சொன்னால் நிறுத்திவிடுவார்.

அவர்கள் அஞ்சல்பெட்டிக்குச் செய்தி அனுப்பினேன். அனுமதி மறுக்கப்பட்டது. முன்பு போய்க்கொண்டிருந்த பெட்டிதான். என்னை மட்டும் அடைத்திருக்கிறார்களா, எல்லாரையுமா, தெரியவில்லை.

63ஆம் நாள், 09:40
வேறு வழி தோன்றவில்லை. அமைவுக் கோப்பிலேயே, மின்பங்கு எண்ணுக்கு மேலே ஒரு வரி எழுதினேன். அந்த நிரல் எப்படியும் இந்தக் கோப்பைப் படிக்க வரும். மாற்றங்களை அங்கே யாராவது பார்ப்பார்கள்.

"குணவதி, நான் ஜெசிந்தா. உங்க நிரல் என் காத்தை நிறுத்துது. உடனே நிறுத்துங்க."

63ஆம் நாள், 10:15
பதில் வந்துவிட்டது. கோப்பு மாறியிருக்கிறது. நான் எழுதிய வரி இல்லை. அந்த இடத்தில் வேறு வரி.

"தெரியுமுங்க. மன்னிச்சுக்கோங்க. நாங்க மூணு பேரு இருக்கறோம்."

அதற்குக் கீழே மின்பங்கு: பன்னிரண்டு.

63ஆம் நாள், 10:20
 எழுத்து தப்பாக விழுகிறது. நான் இந்தக் குறிப்புகளை எழுதும் கைப்பலகை சர்வரோடு இணைந்தது இல்லை, இதை அவர்கள் படிக்க முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். பயமாக இருக்கிறது.

நிரல் தப்பு செய்யவில்லை. உட்கார்ந்து எண்ணிப் பார்த்துச் செய்கிறார்கள்.

64ஆம் நாள், 04:30
நேற்றைய இரண்டு சுற்றிலும் இணைப்பு கிடைக்கவில்லை. இப்போதுதான் துணைக்கோள் வந்தது. பிரமநாயகத்திடம் எல்லாவற்றையும் மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். பதில் வர நேரமாயிற்று. வந்தபோது அவர் குரலில் அந்த நிதானம் இல்லை.

"மேடம், குழியில ரெண்டாவது மின்கல வரிசை செத்துப் போச்சு. மூணு நாளாச்சு. எச்சரிக்கை மொதல்ல பசுமைக் குடிலுக்குத்தான் போவும், அவங்கதான் பராமரிப்பு. எங்ககிட்ட சொல்லல. இப்பதான் பாத்தோம். மீட்புக்கலம் கெளம்ப ஏற்பாடு நடக்கு. நாலு நாள். அதுவரைக்கும் இருக்கிற மின்சாரம் நாலு பேருக்கும் இழுத்துப் பிடிச்சாத்தான் வரும். உங்க ஃபோல்டரை உங்க பேருக்கே மாத்துதேன். கையெழுத்தெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்."

கணக்கு சொன்னார். மீதி மின்சாரத்தை நூறு பங்கு என்று வைத்தால் ஆளுக்கு இருபத்தைந்து. தலைவலி இருக்கும், உயிர் இருக்கும். பன்னிரண்டில் ஒரு ஆள் நாலு நாள் தாங்காது.

64ஆம் நாள், 05:10
உரிமை வந்துவிட்டது. ஆனால் அவசரத்தில் பிரமநாயகம் ஒரு படி மேலே, எல்லா ஃபோல்டரும் அடங்கிய இடத்தில் நின்று கட்டளை கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. என் ஃபோல்டர் மட்டும் என் பெயருக்கு வரவில்லை. சர்வரில் இருக்கும் எல்லாக் குடித்தனமும் என் பெயரில் இருக்கிறது.

பசுமைக் குடிலின் அமைவுக் கோப்பு திறக்கிறது. மின்பங்கு: எண்பத்தெட்டு. உரிமையாளர்: ஜெசிந்தா.

அவர்களால் இப்போது எதையும் எழுத முடியாது. என்னால் முடியும்.

64ஆம் நாள், 06:10
செய்துவிட்டேன். எனக்கு எழுபது, அவர்களுக்கு முப்பது.

விசிறி உறுமிக்கொண்டு எழுந்தது. முகத்தில் காற்று பட்டதும் அழுதேன். இரண்டு நாளில் முதல் முறையாகத் தலை தெளிந்தது. தெளிந்த தலையோடு அந்த முப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆளுக்குப் பத்து. குணவதிக்குப் பத்து. அந்தப் பையன்களுக்குப் பத்து பத்து.

இருபது நிமிடம் அப்படியே விட்டிருந்தேன். அந்த இருபது நிமிடமும் எனக்குப் பிடித்திருந்தது.

64ஆம் நாள், 06:15
எனக்கு இருபத்தைந்து. அவர்களுக்கு எழுபத்தைந்து. மாற்றிவிட்டேன். அவர்கள் கோப்பில் ஒரு வரியும் எழுதினேன்: "ஆளுக்குச் சமமா வச்சிருக்கேன். நாலு நாள் பொறுங்க. கலம் வருது."

பதில் வரவில்லை. எழுத அவர்களுக்கு அனுமதி இல்லை. படித்திருப்பார்கள்.

64ஆம் நாள், 16:30
அடுத்த சுற்று. தலைவலி திரும்பிவிட்டது. பகலில் மூன்று முறை அந்தக் கோப்பைத் திறந்து எண்ணுக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு இருந்தேன். மூன்றாம் முறை எதற்குத் திறந்தேன் என்றே நினைவில்லை. இன்னும் காற்று கெடும்போது நான் என்ன செய்வேன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிரமநாயகத்திடம் சொன்னேன்: "தம்பி, இந்த உரிமையை என்கிட்ட விட்டு வைக்காதீங்க. அவங்ககிட்டயும் குடுக்காதீங்க. எல்லாத்தையும் உங்க பேருக்கு எடுத்துட்டு, என்னால எதையும் மாத்த முடியாதபடி பூட்டிருங்க."

"நெசமாத்தான் சொல்லுதீங்களா மேடம்?"

ஆமாம் என்றேன். அவர் நல்ல பையன், மறுபேச்சு பேசவில்லை. சுற்று முடியும் நேரத்தில் கடைசியாக ஒரு துணுக்கு வந்தது: "பூட்டியாச்சு மேடம். ரெண்டு எடமும், மேலேருந்து கீழ வரைக்கும், படிக்க மட்டும். நீங்க படுத்துக்கிடுங்க, காத்து மிச்சமாவும்."

படுக்கப் போகிறேன். 

65ஆம் நாள், 04:20
நன்றாகத் தூங்கினேன். எழுந்ததும் நலம் என்று ஒரு சொல் அனுப்பப் பார்த்தேன். அனுமதி மறுக்கப்பட்டது.

திரும்ப அனுப்பினேன். அனுமதி மறுக்கப்பட்டது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேலிருந்து கீழ் வரைக்கும். 'அனுப்பு' ஃபோல்டரும் என் ஃபோல்டருக்குள்ளேதான் இருக்கிறது. அதுவும் படிக்க மட்டும். என் குரல் போய் விழ இடமில்லை, அதனால் கிளம்பாது. அவர்கள் அனுப்புவது எனக்கு வரும். நான் அனுப்புவது போகாது.

பிரமநாயகம் தானாகவே கவனிப்பார். கவனிக்காமல் இருக்கமாட்டார்.

65ஆம் நாள், 16:50
சுற்று வந்தது. பிரமநாயகம் இல்லை. கேட்டிராத பெண் குரல்.

"அகழி நிலையம், நான் அடுத்த ஷிப்ட். பிரமநாயகம் தொடர்ந்து ரெண்டு நாள் முழிச்சிருந்ததால வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. உங்ககிட்டேர்ந்து காலையிலயும் பதில் இல்ல, இப்பவும் இல்ல. உங்க கைப்பட்டையில நாடித்துடிப்பு நேத்து சாயங்காலத்தோட நின்னிருக்கு. உள்காத்து அளவும் அப்பலேர்ந்து மாறவே இல்ல. ஆள் மூச்சுவிட்டா அது மாறணும். மேடம், இருக்கீங்கன்னா ஏதாவது ஒண்ணு அனுப்புங்க."

கைப்பட்டையும் கோப்பில்தான் எழுதும். காற்றளவியும் கோப்பில்தான் எழுதும். எதற்கும் எழுத அனுமதி இல்லை. பூட்டிய நிமிடத்தில் இருந்த எண்ணிலேயே எல்லாம் உறைந்து நிற்கின்றன. அங்கிருந்து பார்த்தால் நேற்று மாலை நான் செத்துப்போயிருக்கிறேன்.

திரையைப் பார்த்துக் கத்தினேன். கத்துவதற்கும் காற்று செலவாகிறது.

66ஆம் நாள், 04:40
அதே பெண் குரல். இந்த முறை மெதுவாக, எழுதி வைத்துப் படிக்கிற மாதிரி.

"அகழி நிலையம். பசுமைக் குடில்ல பூட்டுன்னு மட்டும்தான் பிரமநாயகம் எழுதி வச்சிருக்காரு. பூட்டு இருக்கறதால அவங்க அவசர விளக்கைச் சிமிட்டித் துணைக்கோள் வழியா ஒரு கோரிக்கை அனுப்பியிருக்காங்க. அங்க ஒருத்தர் மயங்கிட்டாராம். உங்க நிலையத்துல உயிரோட யாரும் இல்லன்னு அவங்க நம்பறாங்க. உங்க இருபத்தஞ்சு பங்கையும் அவங்களுக்குத் தரச் சொல்லிக் கேட்டிருக்காங்க. மேலிடம் ஒத்துக்கிட்டது. அடுத்த சுற்றுல, சாயங்காலம், மாத்திருவோம். அதுக்குள்ள நீங்க... இருந்தீங்கன்னா... தெரியப்படுத்துங்க. எங்களை மன்னிச்சிருங்க மேடம்."

நம்புகிறார்களாம். நம்புகிறார்களா, நம்புவதாகச் சொல்கிறார்களா? ஒருவர் மயங்கியது உண்மையாக இருக்கலாம். எந்தப் பையன்? உண்மை என்றால் நானும் இதைத்தான் கேட்டிருப்பேனோ என்னவோ.

66ஆம் நாள், 06:30
அவசர விளக்கு. அவர்களிடம் இருப்பது போல எனக்கும் கூரையில் ஒன்று இருக்க வேண்டும். இருந்தது. பனி தோண்டும் கருவிக்கு வெளிச்சம் வேண்டும் என்று அருள்வாசகம் கழற்றிப் போய்க் கீழே பள்ளத்தில் மாட்டியிருக்கிறார். அங்கே அதை ஏற்றுவதும் அணைப்பதும் சர்வர் கோப்பு வழியாகத்தான். அணைந்திருக்கிறது. ஏற்ற அனுமதி இல்லை.

விசிறியை நேரடியாக மின்கம்பியில் இணைக்கலாமா என்று தரைப்பலகையைப் பிரித்தேன். மின்சாரமே குழியிலிருந்து பங்கு பிரித்துத்தான் வருகிறது. அங்கே அடைத்தால் இங்கே கம்பியில் ஒன்றும் இருக்காது.

66ஆம் நாள், 11:00
ஒரே வழிதான் மிச்சம். நடக்க வேண்டும்.

ஒன்பது கிலோமீட்டர். வண்டியின் மின்கலம் இந்தக் குளிரில் உறைந்துவிட்டது. விண்வெளி உடுப்பில் எட்டு மணி நேரத்துக்குக் காற்று. சூடேற்றி ஐந்து மணி நேரம் தாங்கும் என்று எழுதியிருக்கிறது, பகலுக்கா இரவுக்கா என்று எழுதவில்லை. இரவில் தனியாக வெளியே போகக் கூடாது என்பது முதல் விதி. சொன்னவர்கள் எல்லாரும் நான் செத்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

உடுப்பு வானொலி நேர் பார்வையில் ஒரு கிலோமீட்டர் எட்டும். அந்தத் தூரத்துக்குப் போனால் என் குரல் பசுமைக் குடிலில் கேட்கும். என்ன பேசுவது என்று யோசித்துவிட்டேன். கோபமாக எதுவும் பேசமாட்டேன். நான் ஜெசிந்தா, உயிரோட இருக்கேன், கதவைத் திறங்க. அவ்வளவுதான். உள்ளே போய்விட்டால் நாலு பேருக்கும் ஒரே அறை, ஒரே விசிறி, நூறு பங்கு. யாரும் யாரிடமிருந்தும் எடுக்க வேண்டியதில்லை. இதை முதல் நாளே ஏன் யாரும் யோசிக்கவில்லை. நான் ஏன் யோசிக்கவில்லை. தலை ஓடவில்லை, காற்று

66ஆம் நாள், 15:30
உடுப்பு மாட்ட நாலு முறை முயன்றேன். கழுத்து வளையம் பூட்டாமல் இருந்தது. நான் தலைகீழாகப் பிடித்திருந்தேன். இப்போது பூட்டிவிட்டது. மாலைச் சுற்றைக் கேட்டுவிட்டுக் கிளம்புவேன். காற்றடைப்பு அறையின் கதவு கைப்பிடியில்தான் திறக்கும், நல்லவேளை, அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

அவர்கள் கதவு அப்படி இல்லை. போன மாதம் பார்த்தேன். உள்ளே இருந்துதான் திறக்கும்.

66ஆம் நாள், 16:50
குரல் வந்தது. "மாத்திட்டோம்" என்று மட்டும் சொன்னாள்.

விசிறி சுற்றுகிறது, மெதுவாக, இறக்கைகளைத் தனித்தனியாகப் பார்க்க முடிகிறது. நின்றுவிட்டது.

இவ்வளவு அமைதியாக இந்த அறை இருந்ததில்லை. என் மூச்சு உடுப்புக்குள் கேட்கிறது. கைப்பலகையை மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறேன், வெளியே கொண்டுபோனால் குளிரில் திரை உடைந்துவிடும். கையுறையோடு தட்டுகிறேன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளவும்.

இதைக் கண்டெடுப்பவருக்கு என்று எழுதத் தொடங்கி நிறுத்தினேன். யார் கண்டெடுப்பார்கள். கலம் வந்தாலும் முதலில் உங்களிடம்தான் இறங்கும், பக்கத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். குணவதி, இதை நீங்கள்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் நான் உங்கள் கதவுவரை வந்து சேரவில்லை என்று அர்த்தம். அல்லது வந்தேன், நீங்கள்